அடிக்கத் தெரிகிறது, அடக்கத் தெரியவில்லை

வைப்ராஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) கற்க வருபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: "சார், ஸ்கேல் எல்லாம் சரியாத்தான் வாசிக்கிறேன், ஆனா ஜாஸ் மாதிரி கேட்கவே மாட்டேங்குது." வாசிக்கச் சொன்னால், அடிக்கும் நோட்டுகளில் பிழை இருக்காது. குனிந்து காலைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பெடலை மிதித்த கால் மேலே வருவதே இல்லை.

பியானோவில் விரலை எடுத்தால் சத்தம் நின்றுவிடும். இங்கே எடுப்பதற்கு என்ன இருக்கிறது? பட்டவுடனே மாலட், அதாவது தட்டும் குச்சி, துள்ளி வந்துவிடுகிறது. அலுமினியப் பட்டை, பெடல் மிதிபட்டிருக்கும்வரை பல விநாடிகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். பெடலை விட்டால் அடியில் இருக்கும் ஃபெல்ட் எல்லாப் பட்டைகளையும் ஒன்றாக அமுக்கிவிடும். அரைப் பெடல் என்று நடுவில் ஒன்று உண்டு. அது காலுக்குப் பிடிபட நாளாகும்.

இதற்கும் ஹார்மனிக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறைய இருக்கிறது. ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) வரிசையையே எடுத்துக்கொள்வோம்: டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த். ஒவ்வொரு கார்டிலும், அதன் பெயரில் உள்ள நோட்டை ஒன்று என்று வைத்து ஸ்கேலில் எண்ணினால் வரும் மூன்றாவது நோட்டையும் ஏழாவது நோட்டையும் மட்டும் வாசியுங்கள். முதலில் எஃப், சி. ஜி செவன்த் வரும்போது எஃப் அசையாது. சி மட்டும் பக்கத்துப் பட்டையான பி-க்கு இறங்கும். அடுத்து பி அசையாது. எஃப், ஈ-க்கு இறங்கும். கார்டு மாறியது கேட்பவர் காதில் விழுவதற்கு இந்த ஒரு படி இறக்கமே போதும்.

ஆனால் ஈ-யை அடிக்கும்போது பழைய எஃப் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தால்? இரண்டும் உரசும், வீடு வந்து சேர்ந்த உணர்வே வராது. பெடலை விட்டால் பி-யும் சேர்ந்து நின்றுவிடும். அதனால் வலது மாலட் ஈ-யை அடிக்கும் அதே கணத்தில் இடது மாலட் எஃப் மேல் மெதுவாக அழுந்த வேண்டும். முந்தினால் இசை அறுந்துபோகும், பிந்தினால் குழம்பும். ஓங்கி அழுத்தினால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், அது இன்னும் மோசம். வைப்ராஃபோன் கலைஞர் கேரி பர்ட்டன் வாசிப்பைக் கேளுங்கள். நான்கு மாலட் கையில் இருந்தும் ஒவ்வொரு குரலும் எப்படித் தனித்தனியாகத் தெரிகிறது என்பதற்கு இந்த அடக்கும் வித்தை ஒரு முக்கியக் காரணம்.

நான்கு மாலட் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் நாளே அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இன்னொரு வைப்ராஃபோன் மேதை மில்ட் ஜாக்சன் பெரும்பாலும் இரண்டே மாலட்டில்தான் வாசித்தார், ப்ளூஸ் சொட்டச் சொட்ட. சரி, அவசரமில்லை.

என் மாணவர்களுக்கு முதல் சில வாரங்கள் சொந்தக் கற்பனைக்கு அனுமதியில்லை. அந்த இரண்டு நோட்டு, 12 சுருதியிலும், ஒலியை அலையவைக்கும் மோட்டாரை அணைத்துவிட்டு. அப்புறம் நடுவில் ஒரே ஒரு நோட்டைச் சேர்க்கலாம். சலிப்பாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், எங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்த பிறகு, வழியில் வரும் நோட்டுகளைக் கையே தேடிக்கொள்ளும்.

ஒரு மாணவர் தான் அடிக்கும் நோட்டைத்தான் கேட்பார். ஏற்கெனவே அடித்தது காதில் விழாது. செல்போனில் பதிவு செய்யச் சொன்னேன். அடுத்த வகுப்பில் என்னிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை. போனை நீட்டி, "அந்த எஃப் சார், அது போகவே மாட்டேங்குது" என்றார்.