காந்தப் பாய்ம இயக்கவியல்: அதில் நீர் எங்கே வந்தது?

'இணைவு உலையின் உட்சுவரில் காந்த நீர் ஓடுகிறது' என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். இணைவு உலை என்பது அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முயலும் உலை. அங்கே ஓடுவது உருகிய லித்தியம் என்ற உலோகம். அதில் நீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும், கூடவே பெருஞ்சூடும். உலைக்காரர்கள் எதைக் கிட்டவே விடக்கூடாது என்று அஞ்சுகிறார்களோ, அதையே தமிழில் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

பழி முழுக்க மொழிபெயர்ப்பாளருடையதல்ல. மின்சாரம் கடத்தும் பாய்பொருள் காந்தப்புலத்தில் எப்படி ஓடுகிறது என்று ஆராயும் துறை 'மேக்னட்டோஹைட்ரோடைனமிக்ஸ்'. அதற்கு 'காந்த நீரியக்கவியல்' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் 'ஹைடோர்' என்றால் நீர். 1738-இல் கணிதவியலாளர் டேனியல் பெர்னோலி தன் நூலுக்கு 'ஹைட்ரோடைனமிக்கா' என்று பெயர் வைத்தார். நாளடைவில் அந்த 'ஹைட்ரோ' ஓடுகிற எதற்கும் பொதுவாயிற்று. 1940களில் ஸ்வீடன் இயற்பியலாளர் ஹானஸ் ஆல்வேன் அதன் முன்னே காந்தத்தைச் சேர்த்தார். அவர் மனதில் இருந்தது சூரியனின் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள்களாலான வாயு. அங்கே ஏது தண்ணீர்?

'நீர் என்றால் திரவம் என்றும் பொருள். செந்நீர், உமிழ்நீர் இல்லையா?' என்பார்கள். இரண்டிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல என்கிறோம். 'ஈயநீரை ஊற்றியது போல' என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? ஈயமும் லித்தியமும் கலந்த உருகலும் இந்த உலைகளுக்காக ஆராயப்படுவதுதான். ஆல்வேனுக்கு முன்பே, 1937-இல், டென்மார்க்கின் ஹார்ட்மன் காந்தப்புலத்தில் பாதரசத்தை ஓடவிட்டு ஆராய்ந்தார். பாதரசத்தின் லத்தீன் பெயர் 'ஹைட்ரார்ஜிரம்', அதாவது நீர்வெள்ளி. எதிர்க்கட்சிக்கு நானே எடுத்துக் கொடுக்கிறேன், வைத்துக்கொள்ளட்டும்.

எனக்குப் பெரிய குறை வேறு. தூய நீர் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும்; உருகிய உலோகம் தாராளமாகக் கடத்தும். இந்தத் துறையே அந்தக் குணத்தின்மேல்தான் நிற்கிறது. உலோகம் காந்தப்புலத்துக்குக் குறுக்கே பாயும்போது அதற்குள் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டமும் புலமும் சேர்ந்து பாய்ச்சலையே பின்னுக்கு இழுக்கின்றன. குழாயில் உலோகத்தைத் தள்ள எக்கி (பம்பு) திணறுவது இதனால்தான். வெளியிலிருந்து ஏற்ற திசையில் மின்னோட்டம் செலுத்தினாலோ, அதே விசை உலோகப் படலத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். தலைகீழான பரப்பிலிருந்துகூடச் சொட்டாமல் நிறுத்தலாம். 'நீர்' என்று படிப்பவருக்கு இதில் எது புரியும்?

'நீர்ம இயக்கவியல்' என்று பாதி வழியில் நிற்பவர்களும் உண்டு. நீர்மம் திரவத்தோடு முடிந்துவிடுகிறது, பிளாஸ்மா வெளியே நிற்கிறது. பாய்வதெல்லாம் பாய்மம். ஆகவே காந்தப் பாய்ம இயக்கவியல். நீளம்தான், மூலச்சொல் மட்டும் குட்டையா?

அதே மொழிபெயர்ப்பில் 'மின்காந்த சக்தியால் உலோகம் தாங்கப்படுகிறது' என்றும் இருந்தது. தாங்குவது விசை. பள்ளிப் பாடநூலிலேயே விசை, ஆற்றல், திறன் மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. மூன்றுக்கும் 'சக்தி' என்றே எழுதிப் பழகியவர்கள், உலை 'சக்தி' தருகிறது என்று அடுத்த வரியில் எழுதும்போது எதைச் சொல்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது.