கொள்ளிடத்துல போற தண்ணியும் கடைமடை போர்ல வர்ற உப்பும்

மேட்டூர் நிரம்பி, முக்கொம்புலேர்ந்து கொள்ளிடத்துல (காவிரி வெள்ளத்த கடலுக்குக் கொண்டு போற கிளை ஆறு) தண்ணிய திருப்பி விட்டாங்கன்னா போதும், அன்னிக்கி ராத்திரியே டிவில "இத்தனை ஆயிரம் கனஅடி தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது"ன்னு சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. தேக்கி வைக்க இடம் இல்லையேங்கிற ஆதங்கம் நியாயமானதுதான், அதுல எனக்கு மறுப்பே கிடையாது. ஆனா கடலுக்குப் போறது மொத்தமும் நஷ்டம்னு கணக்கு எழுதுறது தப்பு, அந்தத் தப்போட விலைய கடைசியில கொடுக்குறவங்க வேதாரண்யம், தலைஞாயிறு, நாகை, சீர்காழி பக்கம் கடைமடையில, அதாவது வாய்க்கால் தண்ணி கடைசியா போய்ச் சேர்ற எடத்துல இருக்குற ஜனங்கதான். அங்க போர்த்தண்ணி (ஆழ்துளைக் கிணத்துத் தண்ணி) எப்படி உப்பாகுதுன்னு ஒரு தடவ மண்ணுக்கு அடியில போய்ப் பாத்துட்டா இது புரிஞ்சிடும்.

நம்ம டெல்டா மொத்தமும் காவிரி பல்லாயிரம் வருஷமா கொண்டாந்து போட்ட வண்டல். ஒரு அடுக்கு மணல், ஒரு அடுக்கு களி, திரும்ப மணல்னு கீழ போய்க்கிட்டே இருக்கும். தண்ணி இருக்கறது மணல் அடுக்குல, அதுவும் சும்மா தேங்கி நிக்கல, கண்ணுக்குத் தெரியாத வேகத்துல கிழக்க கடல் பாத்து நகர்ந்துக்கிட்டே இருக்கு. அந்த மணல் அடுக்கு கடற்கரையோட முடிஞ்சு போறதில்ல, கடலுக்கு அடியிலயும் நீண்டு போகுது. அதனால மேற்கேர்ந்து நல்ல தண்ணி தள்ளுது, கிழக்கேர்ந்து கடல் தண்ணி தள்ளுது, ரெண்டும் மண்ணுக்குள்ளயே ஒரு எடத்துல முட்டிக்கிட்டு நிக்குது. எந்தப் பக்கம் அழுத்தம் குறையுதோ அந்தப் பக்கம் எல்லை நகரும், விஷயம் அவ்வளவுதான்.

ஆனா இந்த முட்டல் சரிக்கு சமம் கிடையாது. ஒரு லிட்டர் நல்ல தண்ணி 1000 கிராம்னா கடல் தண்ணி சுமார் 1025 கிராம், அந்த 25 கிராம் கூடுதல் எடையால உப்புத்தண்ணி எப்பவும் நல்ல தண்ணிக்கு அடியில புகுந்துக்கும், நல்ல தண்ணி அதுக்கு மேல மிதக்கும். 1000-ஐ 25-ஆல வகுத்தா 40 வருதா, அதான் இங்க முக்கியமான எண்ணு. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி இருந்துச்சுன்னா, கடல் மட்டத்துக்குக் கீழ சுமார் நாப்பது அடி ஆழம் வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். மூணு அடின்னா நூத்தி இருவது. இத 19-ம் நூற்றாண்டு கடைசியில நெதர்லாந்துக்காரர் கைபென் ஒரு தடவயும், 1901-ல ஜெர்மனிக்காரர் ஹெர்ஸ்பெர்க் தனியா ஒரு தடவயும் கண்டுபிடிச்சாங்க, ரெண்டு பேருமே கடலோர மணலுக்கடியில இருக்குற தண்ணிய ஆராய்ஞ்சவங்க.

நாகப்பட்டினம் துறையில ஐஸும் டீசலும் ஏத்துன விசைப்படகு எவ்வளவு அமுங்கி நிக்கும், எல்லாத்தையும் எறக்குனப்புறம் எப்படி மேல எழும்பும்னு பாத்திருப்பீங்க. நல்ல தண்ணியும் அப்படித்தான், மேல பாரம் இருக்குற வரைக்கும் அடிப்பக்கம் ஆழத்துல இருக்கும், மேலேர்ந்து எடுக்க எடுக்க அந்த அடிப்பக்கம் ஏறி வரும். நீங்க மேல இறக்குறது ஒரு அடி, கீழ உப்பு ஏறுறது நாப்பது அடி. ஒரே நாள்ல நடக்காது, வருஷக்கணக்குல நடக்கும், நடுவுல களி அடுக்கு இருந்தா கணக்கு கொஞ்சம் மாறும், ஆனா போற தெச இதுதான்.

வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் மணல் மேட்டுல கொஞ்சமா பள்ளம் தோண்டுனா நல்ல ஊத்துத் தண்ணி வரும், அங்கேயே ஆழமா போனா உப்பு. மேட்டு மணல்ல எறங்குன மழத்தண்ணி கீழ இருக்குற உப்புத்தண்ணி மேல மெல்லிசா மிதந்துக்கிட்டு இருக்கறதுதான் காரணம். அந்த மணல அள்ளிட்டா மழைய பிடிச்சு வைக்க ஒண்ணும் இருக்காது.

இப்ப காவிரிக்கு வருவோம். குறுவைக்காக மேட்டூர் ஜூன் 12-ல திறக்கறது வழக்கம், 2012-லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் தொடர்ச்சியா அந்தத் தேதியில திறக்க முடியல, 2020-லதான் திரும்ப திறந்தாங்க. ஆத்துல தண்ணி வரலன்னா ரெண்டு இடி ஒரே நேரத்துல விழுது. ஒண்ணு, ஆத்துப் படுகையும் வாய்க்காலும் வயலும் குளமும் வழியா மண்ணுக்குள்ள எறங்க வேண்டிய தண்ணி எறங்கல. இன்னொண்ணு, நாத்து காயுதேன்னு எல்லாரும் ஃபில்டர் பாயிண்ட்டையும் (ஆழம் கம்மியான குழாய்க் கிணறு) போரையும் ராத்திரி பகலா ஓட்டுறாங்க, வேற வழியும் கிடையாது அவங்களுக்கு. வரவு நின்னு செலவு ஏறுனா நீர்மட்டம் எறங்காம என்ன பண்ணும்.

அதுலயும் மோட்டார் ஓடுற போருக்கு நேர் கீழ உப்புத்தண்ணி கூம்பு வடிவத்துல மேல எழும்பும், சுத்துப்பட்டுல எல்லை இன்னும் ஆழத்துல இருந்தாலும் அந்த ஒரு போர் மட்டும் உப்பு கக்க ஆரம்பிக்கறது இதனாலதான். மோட்டார நிறுத்துனா கூம்பு எறங்கும், ஆனா ஏறுன வேகத்துல எறங்காது. தண்ணி உப்பா வருதேன்னு இன்னும் அம்பது அடி எறக்குறவங்கள பாக்கும்போது மனசு ரொம்ப வேதனையா இருக்கும், கடன் வாங்கி உப்புக்குப் பக்கத்துல போறாங்க. (சில ஊர்ல கெட்டியான களிக்கு அடியில ஆழத்துல தனியா நல்ல தண்ணி அடுக்கு இருக்கும், அங்க இது பொருந்தாது, அதனால ஒரு ஊர் அனுபவத்த அடுத்த ஊருக்கு அப்படியே சொல்லக்கூடாது.)

உப்பு எவ்வளவு கலந்தா கெடும்னு கேட்டா, பயப்படுற அளவுக்குக் கொஞ்சம்தான். கடல் தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. நூறு குடத்துல ஆறு குடம் கடல் தண்ணி கலந்தாலே லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டிடும், குடிதண்ணிக்கு வேற வழியே இல்லன்னாலும் இந்திய தரநிலை அனுமதிக்கற உச்ச அளவே 2 கிராம்தான். மண்ணுத்தண்ணியில ஏறக்குறைய இந்த அளவு உப்பு வந்தா நெல்லு மகசூலும் குறைய ஆரம்பிக்குது, அதுலயும் நாத்துப் பருவமும் பூக்குற பருவமும் தாங்கவே தாங்காது. வேரு தண்ணிய உறிஞ்சணும்னா வெளிய உப்பு கம்மியா இருக்கணும், வெளிய ஏறிட்டா வயல்ல தண்ணி நின்னாலும் பயிரு தாகத்துல வாடும். சோடியம் வேற களிமண்ணப் போய் ஒட்டிக்கிட்டு மண்ணோட கட்டமைப்ப உடைச்சிடும், அப்புறம் தண்ணி கீழ எறங்காது.

2004 சுனாமியில கடல் நேரா வயலுக்குள்ளயே வந்துச்சு, இனி ஒரு தலைமுறைக்கு விளையாதுன்னு பலர் நெனச்சாங்க. ஆனா மழத்தண்ணிய கட்டி வடிச்சு, ஜிப்சம் போட்டு, பசுந்தாள் உரமா தக்கைப்பூண்டு வளத்து மடக்கி உழுது நெறைய நெலத்த மீட்டுட்டாங்க, 2005 வடகிழக்குப் பருவமழ நல்லா பெஞ்சதும் பெரிய உதவி. ஜிப்சத்துல இருக்குற கால்சியம் சோடியத்த வெளிய தள்ளும், தள்ளுனத அடிச்சுக்கிட்டுப் போறதுக்கு நல்ல தண்ணி வேணும். மேல் மண்ணுல ஏறுன உப்ப இப்படி கழுவிடலாம், நூறடி ஆழத்துல ஏறுன உப்ப அவ்வளவு சுலபமா கழுவ முடியாது.

ஆத்து வாய் வழியாவும் கடல் உள்ள வரும். நம்ம கடற்கரையில ஓதம் (கடல் மட்டம் தெனமும் ஏறி வத்துறது) ஏறி எறங்குற அளவு கம்மிதான், ஆனா நெலம் ரொம்ப தட்டையா இருக்குறதால அந்தக் கொஞ்சமே வெகுதூரம் உள்ள போகுது. எதிர்ல ஆத்துத்தண்ணி ஓடி வந்தா வாயிலேயே தடுத்துடும். ஓட்டமும் இல்லாம, மணல் அள்ளி அள்ளி படுகையும் பள்ளமா போயிருந்தா உப்புத்தண்ணி ஆத்தோட அடிப்பக்கமா ஏறி வந்து ரெண்டு கரை மண்ணுலயும் எறங்கிடும். காவிரியோட கிளையான வெண்ணாத்துலேர்ந்து பிரியிற ஆறுங்களோட கடைசியில ரெகுலேட்டர் (ஷட்டர் வச்ச தடுப்பு) கட்டி வச்சிருக்கறது வெள்ளத்த வடிய விடுறதுக்கு மட்டுமில்ல, இதுக்கும் சேத்துத்தான். இறால் பண்ணைங்க இன்னும் மோசம், உப்புத்தண்ணிய பம்ப் வச்சே வயலுக்குப் பக்கத்துல கொண்டாந்தாங்க, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் 1996-ல கடுமையான தீர்ப்பு சொன்னது இந்த நாகை மாவட்டத்து வேதனையாலதான்.

அதனால எனக்குப் படுறது இது: கடலோர போருங்கள ஆழப்படுத்துறத விட்டுட்டு, ஆழம் கம்மியா, தள்ளித் தள்ளி, கொஞ்ச கொஞ்ச நேரம் விட்டு விட்டு ஓட்டுற மாதிரி வைக்கணும். ஆகஸ்ட்ல கொள்ளிடத்துல போற தண்ணியில முடிஞ்ச பங்க கடைமடை குளம் குட்டைக்கெல்லாம் திருப்புறதுக்கு வாய்க்கால முன்னாடியே தூர்வாரி வச்சிருக்கணும். மிச்சம் ஆத்து வாய் வழியா கடலுக்குப் போகட்டும், போற வழியெல்லாம் மணல்ல எறங்கும், வாயில உப்ப பின்னாடி தள்ளும். தை முடிஞ்சு ஆறு வத்துனப்புறம் தலைஞாயிறு பக்கத்து கைபம்புல வர்ற தண்ணி குடிக்கற மாதிரி இருக்குமா இல்லையாங்கிறது ஆத்துல தண்ணி ஓடுன நாலஞ்சு மாசத்துல மண்ணுக்குள்ள எவ்வளவு எறங்குச்சுங்கறத பொறுத்துத்தான் இருக்கு.