1951 பளிச், 1993 மங்கல்

1951ல் ஒளிபரப்பான 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை இப்போது ஓடிடியில் போட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளைதான். ஆனால் லூசியின் கவுனில் இருக்கும் புள்ளிகளை எண்ணிவிடலாம். அப்புறம் 1993ல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' பக்கம் போங்கள். நாற்பது வருடம் இளையது, வண்ணம் உண்டு, விண்கலம் உண்டு. முகங்கள் மட்டும் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரியும்.

இதில் வயதுக்கு வேலை இல்லை. எதில் பதிந்தார்கள், எதில் வெட்டி ஒட்டினார்கள் என்பதுதான் விஷயம்.

லூசி காலத்தில் அமெரிக்கத் தொடர்கள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். நாட்டின் மறு கோடியான மேற்குக் கரைக்கு அனுப்ப, டிவி திரைக்கு முன்னால் ஒரு ஃபிலிம் கேமராவை வைத்துப் படமெடுப்பார்கள். அந்த நகல் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். லூசியாக நடித்த லூசில் பாலும் கணவர் டெசி ஆர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மாட்டோம் என்றார்கள். சரி, நேரடியாக 35 மி.மீ. ஃபிலிமிலேயே எடுத்துவிடலாம் என்று முடிவானது. ஒளிப்பதிவுக்கு வந்தவர் கார்ல் ஃபிராயண்ட், 'மெட்ரோபொலிஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். அன்றைய எந்த டிவியாலும் காட்ட முடியாத நுணுக்கம் அந்த நெகடிவில் உறங்கிக்கொண்டிருந்தது. இன்று ஸ்கேன் செய்தால் எழுந்து வருகிறது.

1956ல் ஆம்பெக்ஸ் நிறுவனம் வீடியோ டேப்பைக் கொண்டுவந்தது. டேப்பில் இருப்பது படமல்ல, டிவி சிக்னல். அமெரிக்க முறையில் 525 கோடுகள், அதில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 480. எவ்வளவு நல்ல கருவியில் ஓட்டினாலும் 481வது கோடு வராது. கணினியை வைத்துக் கூர்மையாக்கலாம்தான்; ஆனால் அது சேர்க்கும் புருவ மயிர் நடிகருடையது அல்ல, கணினியின் ஊகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய டிவி ஒரு படத்தை முழுதாக வரையாது. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அறுபதில் ஒரு பங்கு நொடி கழித்து இரட்டைப்படைக் கோடுகள். குழாய் டிவியில் கண் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. இன்றைய திரையில் அப்படியே சேர்த்துக் காட்டினால் என்ன ஆகும்? ஒருவர் கையை வீசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் கை கொஞ்சம் நகர்ந்திருக்கும். பாதிக் கோடுகளில் கை இங்கே, மீதிப் பாதியில் அங்கே. விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல். இதைச் சரிசெய்யும் மென்பொருள் அசையாத இடத்தில் இரண்டையும் சேர்க்கும். அசையும் இடத்தில் ஒன்றை விட்டுவிட்டு, பக்கத்துக் கோடுகளைப் பார்த்து நிரப்பும். கோடு போட்ட சட்டை வந்தால் அதற்கே குழப்பம். சட்டை மினுமினுக்கும்.

ஸ்டார் டிரெக் கதை இன்னும் பரிதாபம். 1987ல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரை எடுத்தது ஃபிலிமில்தான். எடிட்டிங்கும் தந்திரக் காட்சிகளும் டேப்பில். 2012 முதல் நெகடிவைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எபிசோடையும் மறுபடி தொகுத்தார்கள். அதே முறையில் உருவான 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடருக்கு யாரும் அந்தச் செலவைச் செய்யவில்லை.

நெகடிவ் நன்றாக இருந்தும் கெடுப்பவர்கள் உண்டு. பழைய டிவியின் 4:3 (அகலம் 4, உயரம் 3) படத்தை இன்றைய அகலத் திரை முழுக்க நிரப்ப, உயரத்தில் கால் பங்கை வெட்ட வேண்டும். பக்கத்தில் கறுப்புப் பட்டை இருந்தால் யாருக்கு என்ன நஷ்டமோ! 2019ல் டிஸ்னி பிளஸ் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரை இப்படித்தான் வெட்டிப் போட்டது. டஃப் பீர் ஆலைக் காட்சியில் மூன்று தொட்டிகள், மூன்று வேறு பெயர்கள். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து பீர் இறங்குவதுதான் நகைச்சுவை. வெட்டியதில் குழாய் போய்விட்டது. அடுத்த வருடம் 4:3ல் பார்க்கும் வசதி கொடுத்த பிறகுதான் குழாய் திரும்பி வந்தது.