ஆக்சிமெட்ரி: புளிப்பை அளப்பதா, உயிர்வளியை அளப்பதா?

கொரோனா நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: “சாச்சுரேஷன் எவ்வளவு காட்டுது?” விரலில் மாட்டும் அந்தச் சின்னப் பெட்டி பல்ஸ் ஆக்சிமீட்டர். அதே குடும்பத்துச் சொல்தான் ஆக்சிமெட்ரி. ஆனால் ஆய்வகத்தில் ‘இ.பி.ஆர். ஆக்சிமெட்ரி’ என்று சொல்கிறார்களே, அதற்கும் விரல் கருவிக்கும் உறவு பெயரளவில்தான். விரல் கருவி பார்ப்பது ரத்தத்தை: ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது என்று சொல்லும். லாரியில் சரக்கு இருக்கிறது, சரி. கடையில் இறங்கியதா? தசையிலும் புற்றுக்கட்டியிலும் போய் அதைக் கேட்பதுதான் இ.பி.ஆர். முறை.

இந்த முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? முதலில் சொல்லைப் பிரிப்போம். கிரேக்கத்தில் ‘ஆக்சிஸ்’ என்றால் கூர்மை, உறைக்கும் புளிப்பு. அமிலம் எல்லாவற்றுக்கும் இந்த வாயுதான் மூலம் என்று நம்பிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே, 1777-இல் ‘அமிலம் பிறப்பிப்பது’ என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். நம்பிக்கை தவறு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் துளியும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நேராக மொழிபெயர்த்தால் ஆக்சிமெட்ரி ‘புளிப்பளவீடு’ ஆகிவிடும், ரசத்துக்குத்தான் உதவும். அந்தப் பிழையைச் சுமக்காத சொல் நம்மிடம் இருக்கிறது: உயிர்வளி.

‘மெட்ரான்’ என்றால் அளவு. வெப்பமானியில் வரும் ‘மானி’ வடமொழி வழி வந்தது. அளத்தல் என்னும் அதே பழைய வேரில் கிளைத்த தூரத்துச் சொந்தம். ஆக்சிமீட்டர் என்ற பெயரை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கிளென் மில்லிக்கன். உயரத்தில் பறக்கும் விமானிகளின் காதுமடலில் மாட்டுவதற்காக அவர் செய்த கருவி அது. மீட்டர் என்றால் கருவி, மெட்ரி என்றால் அளக்கும் முறை. ஆகவே உயிர்வளிமானி வேறு, உயிர்வளி அளவீடு வேறு.

இனி இ.பி.ஆர். விரித்தால் எலக்ட்ரான் பாராமேக்னெடிக் ரெசொனன்ஸ். 1944-இல் கசான் நகரில் யெவ்கெனி சவோய்ஸ்கி கண்டறிந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அசைவது ஹைட்ரஜனின் அணுக்கரு. இங்கே அசைவது ஜோடி சேராமல் தனித்து நிற்கும் எலக்ட்ரான். அதன் காந்தத்தன்மை புரோட்டானைவிட 650 மடங்குக்கும் மேல் என்பதால் பெரிய காந்தம் தேவையில்லை. உடலில் அளக்கும் கருவிகளுக்கு 40 மில்லிடெஸ்லா காந்தப்புலமே போதும். ஆக்சிஜன் மூலக்கூறிலேயே இப்படி இரண்டு எலக்ட்ரான்கள் உண்டு. தனித்த எலக்ட்ரான் உள்ள ஒரு பொருளைத் திசுவில் வைத்தால், ஆக்சிஜன் வந்து வந்து மோதும். மோதல் கூடக்கூட அந்தப் பொருளின் நிறமாலை வரி, அதாவது கருவி பதிவுசெய்யும் கோடு, அகலமாகும். அகலத்தை அளந்தால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது அங்கே ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தம், கிடைத்துவிடும். அளக்கும்போது ஆக்சிஜன் செலவாவதும் இல்லை.

உள்ளே வைக்கும் அந்தப் பொருள் எது? இங்கேதான் எனக்குப் பிடித்த கதை. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஹெரால்ட் ஸ்வார்ட்ஸ் குழு எடுத்துக்கொண்டது இந்தியா இங்க்! வரைபட நோட்டில் சிந்தி அம்மாவிடம் திட்டு வாங்க வைத்த அதே கறுப்பு மை. (மை பிறந்தது சீனத்தில், இந்தியா பெயரில் மட்டும்.) அதில் மிதக்கும் கரித்துகள்களில் தனித்த எலக்ட்ரான்கள் உண்டு. தோலுக்கடியில் ஒரு சொட்டு ஏற்றினால் அங்கேயே தங்கிவிடும். மேலே ஒரு கம்பிச்சுருளை வைத்து மாதக்கணக்கில் மறுபடி மறுபடி அளக்கலாம். ஒரு வகையில் பச்சை குத்திக்கொள்வதுதான். பின்னாளில் பெரியண்ணன் குப்புசாமி குழு, லித்தியம் சேர்மப் படிகங்களைச் சிலிக்கோனில் பொதிந்து ‘ஆக்சிசிப்’ செய்தது.

இவ்வளவு பாடு எதற்கு? மூச்சில் இழுக்கும் காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் ஏறக்குறைய 160 மில்லிமீட்டர் பாதரசம். பல புற்றுக்கட்டிகளின் உட்புறத்தில் அது 10-க்கும் கீழே. ஆக்சிஜன் வற்றிய செல்லைக் கதிர்வீச்சில் கொல்ல, இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிரளவு வேண்டும். விரல் கருவியில் 98 காட்டுபவரின் கட்டிக்குள்ளும் இந்த வறட்சி இருக்கலாம்.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். ரெசொனன்ஸுக்கு ‘ஒத்ததிர்வு’ பாடநூலிலேயே இருக்கிறது, சிக்கல் இல்லை. வம்பு ‘பாரா’வில். கிரேக்கத்தில் அது ‘பக்கத்தில், இணையாக’. காந்தப்புலத்தின் போக்கிலேயே அமைவதால் வந்த பெயர். அதை வைத்து ‘இணைகாந்தம்’ என்றால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தமிழில் இணை என்றால் ஜோடியும் கூட. இந்தக் காந்தத்தன்மை வருவதோ இணையாத எலக்ட்ரானால்! மாணவர் குழம்பாமல் என்ன செய்வார்? தமிழ்நாட்டுப் பாடநூல் ‘பாரா காந்தம்’ என்றே விட்டது நல்லது. சுருக்கத்துக்கு ஆசைப்பட்டுத் ‘திசுவளி’ என்று எழுதுவதும் வேண்டாம். சித்த மருத்துவம் தெரிந்தவருக்கு வளி என்றால் வாதம்.

நான் எழுதுவது இப்படி: முதல் இடத்தில் ‘எலக்ட்ரான் பாரா காந்த ஒத்ததிர்வு வழி உயிர்வளி அளவீடு’. அடுத்த வரியிலிருந்து ‘திசு உயிர்வளி அளவீடு’. உள்ளே வைக்கும் பொருளுக்கு ‘உணரி’. இலங்கை வாசகருக்கு எழுதினால் எலக்ட்ரான் இலத்திரனாகும், திசு இழையமாகும். உயிர்வளியை மாற்ற வேண்டியதில்லை.