கண்மாய்க் கரையில் ஒரு ஜிபிஎஸ் சில்லு

மதுரையை அடுத்த ஒத்தக்கடைக்கு அப்பால் உள்ள ஒரு கண்மாயின் கரையை நடந்தே அளந்து, அதன் மடைகளையும், மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கையும், யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் ஏற்றப் புறப்பட்டபோது, நான் கைப்பேசியை நம்பாமல் நியோ-6எம் என்ற சில்லு பொருத்திய ஒரு ஜிபிஎஸ் தொகுதியையும், ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையையும் எடுத்துக்கொண்டேன். கைப்பேசி நீலப் புள்ளி ஒன்றைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. இந்தச் சில்லோ, தான் கணக்கிட்டதை நொடிக்கு ஒருமுறை வரி வரியாக எழுதித் தருகிறது; அந்த வரிகளை வாசிக்கக் கற்றால்தான் கருவி என்ன செய்கிறது என்பது விளங்கும்.

தொகுதியின் சதுரப் பீங்கான் ஆண்டெனா, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் மிக மெலிந்த அலைகளை வாங்குகிறது. ஒவ்வொரு கோளும் தன் இருப்பிடத்தையும் அலை புறப்பட்ட நேரத்தையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருப்பதால், அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைத்துவிடும். கணக்கில் ஒரு மைக்ரோநொடி பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிசகும். கோள்களில் இருப்பவை அணுக் கடிகாரங்கள். நம் சில்லில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ் படிகம். எனவே, நிற்கும் இடத்தின் மூன்று எண்களோடு தன் கடிகாரத்தின் பிழையையும் நான்காவதாகக் கண்டுபிடிக்க, சில்லுக்குக் குறைந்தது நான்கு கோள்கள் தேவைப்படுகின்றன. கோள்கள் தம் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில் அனுப்புவதால், அதை ஒருமுறை முழுதாக வாங்கவே 30 நொடி ஆகும். கரையில் பொறுமையாக நின்ற பிறகுதான் தொகுதியின் சிறு விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

கிடைத்த புள்ளிகளை வீட்டில் வரைபடத்தில் ஏற்றியபோது, கண்மாய் சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே அருப்புக்கோட்டைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. வடிவம் அப்படியே இருந்தது. அளவு மட்டும் ஐந்தில் மூன்றாகச் சுருங்கியிருந்தது. காரணம் எண்ணை எழுதும் முறையில் இருந்தது. மீனாட்சி அம்மன் கோயிலின் அட்சரேகையைச் சில்லு 0955.17 என்று எழுதும். அதில் முதல் இரண்டு இலக்கங்கள் பாகை; மீதி 55.17 என்பது கலை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 55.17-ஐ 60-ஆல் வகுத்து 9 பாகையோடு கூட்டினால் 9.9195 என்ற சரியான எண் வரும். நான் வகுக்காமல், புள்ளியை மட்டும் நகர்த்தி 9.5517 என்று கொண்டிருந்தேன். அறுபதைக் கொண்டு வகுக்க வேண்டியதை நூறைக் கொண்டு வகுத்தால் எல்லா நீளமும் ஒரே விகிதத்தில் சுருங்கும். வடிவம் கெடாததால் பிழை கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும்.

யானைமலையின் அடிவாரத்தில் நின்றால் வேறொரு சிக்கல் வருகிறது. வானத்தின் பெரும்பகுதியைப் பாறை மறைப்பதோடு, அதில் பட்டுத் தெறிக்கும் அலை சுற்றுவழியில் தாமதமாக வந்து சேருகிறது. அந்தத் தாமதத்தைச் சில்லு கூடுதல் தொலைவாக எண்ணிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி உயரம். ஜிபிஎஸ் முதலில் கணக்கிடுவது, பூமியை வழவழப்பான, துருவங்களில் தட்டையான உருண்டையாகக் கொண்டு அதன் பரப்பிலிருந்து அளந்த உயரத்தை. உண்மையான கடல்மட்டம் ஈர்ப்புவிசைக்கேற்ப மேடுபள்ளமாக இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே அது அந்தக் கற்பனைப் பரப்பைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து உலகிலேயே மிகப் பெரிய பள்ளமாகிறது. மதுரையும் அதன் சரிவில்தான் இருக்கிறது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் 130 மீட்டரில் இருக்கும் இடத்தை, திருத்தாத கணக்கு ஏறத்தாழ 40 மீட்டர் என்று காட்டும். சில்லு எழுதித் தரும் வரிகளுள் ஜிஜிஏ எனப்படும் வரியில் திருத்திய உயரமும், திருத்தத்தின் அளவும் அடுத்தடுத்து வருகின்றன.

அப்படித் திருத்திய உயரமும் மடைக்கும் கலுங்குக்கும் இடையிலுள்ள சில சாண் வேறுபாட்டைச் சொல்லப் போதாது. கோள்கள் யாவும் தலைக்கு மேலேயே இருக்க, காலுக்குக் கீழே உள்ளவற்றைப் பூமி மறைத்துவிடுவதால், உயரத்தின் பிழை பொதுவாகக் கிடைமட்டப் பிழையைவிட அதிகம். அந்த அளவை மட்டும், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்து எடுத்துக்கொண்டேன்.