வேலை போனவருக்கு 90 நாள்: ஓர் அண்டி ஆபீஸ் கணக்கு

கருங்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். இருபது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீஸ் வேலை; முந்திரி ஆலையைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். ஆரம்பத்தில் அண்டி தல்லியவர், அதாவது முந்திரிக் கொட்டையை உடைத்தவர். தோட்டு எண்ணெய் பட்டுக் கருத்த விரல் நுனிகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. பிறகு தோல் உரிக்கும் பிரிவுக்கு மாறினார். வெளிநாட்டுச் சரக்கு வரவில்லை என்று சொல்லி ஆபீஸைப் பூட்டி மூன்று மாதம் ஆகிவிட்டது. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டு அட்டை, வங்கிப் புத்தகம், சந்தா விவரம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். நாட்களை எண்ணிப் பார்த்தேன். கடைசி அரையாண்டில் அவருக்குக் கூலி கிடைத்தது 54 நாள். வேலையிழந்தோர் நிவாரணத்துக்கு வேண்டியது 78.

"நான் ஒப்பு ஒண்ணும் போட்டுக் குடுக்கல்ல சாறே. பின்ன எதுக்கு கிட்டாது?" என்று கேட்டார். ஒப்பு என்றால் கையெழுத்து; ராஜினாமாத் தாளில் கையெழுத்துப் போடவில்லை என்கிறார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தொழிலாளர் வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருளாதாரம் படுத்திருக்கும்போது வேலையிழந்தோர் நிவாரணத்தை அரசு நீட்டிக்க வேண்டுமா என்ற விவாதத்தைப் புள்ளிவிவரங்களோடு நிறையப் பேர் பேசுகிறார்கள். அந்த அம்மாவின் துணிப்பையிலிருந்து தொடங்கினால் எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

இந்தியாவில் வேலையிழந்தோருக்கு நிவாரணமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, இ.எஸ்.ஐ.க்குள் இருக்கிறது. 2005 ஏப்ரல் 1 முதல் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டம். ஆலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு செய்யப்பட்டாலோ, வேலைக்குத் தொடர்பில்லாத விபத்தில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 24 மாதம் வரை உதவி: முதல் 12 மாதம் சராசரிக் கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால்பங்கு. இரண்டாவது, 2018 ஜூலை 1 முதல் நடக்கும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். இதில் 90 நாள்தான், அதுவும் வாழ்நாளில் ஒருமுறை. ஆரம்பத்தில் சராசரிக் கூலியில் கால்பங்கு கொடுத்தார்கள். கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 24 முதல் வேலையிழந்தவர்களுக்கு அதைப் பாதியாக உயர்த்தினார்கள். சோதனைத் திட்டமாகத் தொடங்கியது அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. விண்ணப்பிக்கப் போகும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

24 மாதத் திட்டம் இருக்கும்போது 90 நாளைப் பற்றி ஏன் பேச வேண்டும்? ஏனென்றால் நம் ஊரில் ஆபீஸ்கள் சட்டப்படி மூடப்படுவதில்லை. பூட்டு மட்டும் தொங்கும். "சரக்கு வரட்டும், சொல்லி விடுறோம்" என்பார்கள். மூடல் அறிவிப்பு இருக்காது, ஆட்குறைப்புக் கடிதம் இருக்காது. தாள் இல்லாதவருக்கு 24 மாதத்தின் கதவு திறப்பது மிகவும் சிரமம்.

மிஞ்சுவது 90 நாள். அதற்குள் நுழையக் குறைந்தது இரண்டு வருடம் காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று சந்தாக் காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள். ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரம் மூன்று நாள் வேலை கிடைத்தால் சரியாக 78. இரண்டு நாள் என்றால் 52.

எந்த ஆபீஸும் ஒரே நாளில் பூட்டப்படுவதில்லை என்பதை இந்த விதியை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. தொழில் நலியும்போது ஆறு நாள் வேலை நான்காகும், நான்கு இரண்டாகும், பிறகுதான் பூட்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் தோட்டண்டியை, அதாவது ஓடு உடைக்காத முந்திரியை, நம்பியிருக்கும் தொழிலில் இது எத்தனையோ முறை நடந்துவிட்டது. மந்தம் முதலில் தின்பது நாட்களை. நாட்கள் போனால் தகுதியும் போகிறது. நல்ல காலத்தில் திடீரென்று வேலை போனவருக்குக் கிடைக்கும் பணம், கெட்ட காலத்தில் மெல்ல மெல்ல வேலை போனவருக்குக் கிடைப்பதில்லை.

தகுதி இருந்தாலும் தொகை சுருங்கும். நான்கு சந்தாக் காலங்களின், அதாவது இரண்டு வருடத்தின், மொத்தக் கூலியை 730 நாளால் வகுத்து அதில் பாதியைத் தருகிறார்கள். மாதம் 10,000 ரூபாய் வீதம் இரண்டு வருடமும் வாங்கியவருக்கு 90 நாளில் ஏறக்குறைய 14,800 ரூபாய் வரும். இரண்டாவது வருடம் கூலி பாதியாகிப் போனவருக்கு 11,100. அதிகம் கஷ்டப்பட்டவருக்குக் குறைவாகக் கொடுக்கும் கணக்கு இது.

நீட்டிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நம் கடற்கரையையே காட்டுவேன். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 61 நாள் விசைப்படகு கடலுக்குள் போகாது. அந்த நாட்களுக்குத் தமிழக அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுக்கிறது. தொகை போதாது என்று குளச்சலில் யாரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பணம் மீனவரைச் சோம்பேறியாக்கிவிடும் என்று நான் கேட்டதே இல்லை. மூடியிருப்பது கடல் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அண்டி ஆபீஸ் பூட்டும்போது மட்டும் அந்தப் பெண்ணின் மனசைச் சந்தேகிக்கிறோம்.

உதவி நீண்டால் வேலை தேடும் வேகம் குறையும் என்பதை நான் ஒரேயடியாக மறுக்கவில்லை. வேலை தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். மந்தத்தில் தேடிப் போனாலும் கதவு திறப்பதில்லை. பக்கத்து ஆபீஸும் பூட்டிக் கிடக்கும்போது ஐம்பது வயதுப் பெண் எங்கே தேடுவார்? ரப்பர்த் தோட்டத்தில் மழை நாளில் பால்வெட்டு இல்லை, நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. மூன்று மாதம் பாதிக் கூலி கிடைத்தால் அவர் தாலிச் சங்கிலியை அடகு வைக்காமல் இருப்பார், மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவார், பலசரக்குக் கடைக் கடனை அடைப்பார். அந்தக் கடைக்காரரும் பிழைத்துக்கொள்வார்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் வழக்கமான உதவி 26 வாரம். 1970இல் கொண்டுவந்த சட்டப்படி, ஒரு மாநிலத்தில் வேலையின்மை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கூடுதல் வாரங்கள் தானாகவே திறந்துகொள்ளும். 2008 நெருக்கடிக்குப் பிறகு நாடாளுமன்றம் தனியாகவும் நீட்டித்தது. நிலைமை மோசமான மாநிலங்களில் மொத்தம் 99 வாரம் வரை போனது. அவர்கள் தொகையும் நிர்வாகமும் நமக்குப் பொருந்தாது. ஆனால் நிலைமை கெட்டதும் எவர் கையெழுத்துக்கும் காத்திராமல் நாட்கள் கூடும் என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்திலும் வறட்சி அறிவித்த பகுதிக்குக் கூடுதலாக 50 நாள் தர வழி இருந்தது. ஆகவே இது நமக்குப் புதிய யோசனை அல்ல.

மந்தம் வந்ததை எப்படி அறிவது? இ.எஸ்.ஐ.யிடமே கணக்கு இருக்கிறது. எந்த மாவட்டத்தில், எந்தத் தொழிலில், எத்தனை பேருக்கு எத்தனை நாள் சந்தா வந்தது என்பது மாதாமாதம் பதிவாகிறது. ஒரு மாவட்டத்தில் ஒரு தொழிலின் சந்தா நாட்கள் முந்தைய ஆண்டைவிடப் பெருமளவு சரிந்தால், 90 நாள் 180 ஆக வேண்டும். 78 நாளைக் கடைசி அரையாண்டில் தேடாமல், சரிவு தொடங்குவதற்கு முந்தைய அரையாண்டில் தேட வேண்டும். சராசரிக் கூலியையும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். தொழில் எழுந்ததும் பழைய விதிக்குத் திரும்பலாம்.

செலவைப் பற்றிய கவலை நியாயமானது. இ.எஸ்.ஐ. சந்தா 2019 ஜூலை முதல் முதலாளி 3.25 விழுக்காடு, தொழிலாளி 0.75 விழுக்காடு. மந்த காலத்தில் இதைக் கூட்டினால் தத்தளிக்கும் சிறு முதலாளியும் மூழ்கிவிடுவார். அதனால் நல்ல ஆண்டுகளில் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும், பற்றாததை அரசு போட வேண்டும். வேலையின்மையின்போது பொது உதவி கிடைக்க வழி செய்யச் சொல்கிறது அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு. "பொருளாதார வலிமைக்கு உட்பட்டு" என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. அந்த நிபந்தனையையே காலமெல்லாம் பதிலாகச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

படித்த பிள்ளைகளுக்கான மாநில உதவித்தொகை வேறு விஷயம். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று வருடம் வரை, அதற்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஐந்து வருடம் பதிந்து காத்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் நம்முடையது. இந்தத் தொகை இங்கே எந்த வீட்டில் போதும்?

விதி மாறும்வரை நம்மைக் காத்துக்கொள்ளச் சில காரியங்கள் உண்டு. தயவுசெய்து வாசிக்காமல் ஒப்பு போடாதீர்கள். ராஜினாமா என்று எழுதியிருந்தால் நிவாரணமும் போகலாம், வருடத்துக்கு 15 நாள் கூலி என்ற ஆட்குறைப்பு இழப்பீடும் போகும். வாசிக்கத் தெரியாவிட்டால், மகளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்; யாரும் உங்களைத் தடுக்க முடியாது. வேலை குறையத் தொடங்கிய அன்றே காலண்டரில் நாட்களைக் குறித்து வையுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும், பருவகாலத் தொழில் அல்லாத ஆலையில் ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை கொடுக்காத நாட்களுக்குப் பாதிக் கூலி கேட்க உரிமை உண்டு. இதைத்தான் லே-ஆஃப் என்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் சட்டங்களின் பெயர்கள் மாறிவிட்டன, இந்த உரிமை மாறவில்லை. வேலை போய் 30 நாள் கழிந்ததும் 90 நாள் நிவாரணத்துக்கு நீங்களே நேரில் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளியின் தயவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு 90 நாள் திட்டத்தில் வழியில்லை. ஆபீஸ் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது என்பதை நிலைநாட்டி 24 மாதத் திட்டத்துக்குப் போக முடியுமா என்று பார்க்கிறோம். நாகர்கோவிலில் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அவரோடு வேலை பார்த்த இன்னும் ஆறு பேர் சனிக்கிழமை வருகிறார்கள். கூலிச் சீட்டு எது இருந்தாலும், கிழிந்திருந்தாலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.