படத்தின் மூலைகள் இருள்வது ஏன்?

ஒரே சீராக ஒளியூட்டப்பட்ட வெள்ளைச் சுவரை அகலக்கோண லென்ஸால் படம் பிடித்தாலும், நடுப்பகுதி பளிச்சென்றும் மூலைகள் மங்கியும் பதிகின்றன. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எது என்று பிரித்தறியாமல் பரிகாரம் தேடினால் பயன் கிடைக்காது.

முதலாவது, மறைப்பு. சாய்வாக நுழையும் ஒளிக்கற்றையின் ஒரு பகுதியை லென்ஸ் குழலின் விளிம்புகள் தடுத்துவிடுகின்றன. லென்ஸைக் கழற்றி, அதற்குள் ஒளி புகும் துளையை முழுவதும் திறந்து, படத்தின் மூலை அமையும் திசையிலிருந்து பார்த்தால், வட்டமாகத் தெரியவேண்டிய திறப்பு இருமுனையும் கூர்ந்து பூனைக்கண் போலத் தெரியும். துளையை எஃப்/22 என்ற மிகச் சிறிய அளவு வரை சுருக்கினால் மெல்லிய கற்றை தடையின்றிச் செல்லும்; இந்த இருளும் பெரும்பாலும் நீங்கும்.

இரண்டாவது காரணம் வடிவியலிலேயே இருக்கிறது. மூலையிலிருந்து பார்க்கும்போது வட்டத் துளை நீள்வட்டமாகக் குறுகுகிறது; மூலை துளையிலிருந்து அதிகத் தொலைவில் உள்ளது; அங்கே விழும் ஒளியும் சாய்ந்து, கூடுதல் பரப்பில் பரவுகிறது. இவை அனைத்தும் பெருகி, சாய்கோணத்தின் கோசைனின் நான்காம் அடுக்கு அளவுக்கு வெளிச்சம் குறைகிறது: 30 பாகையில் எஞ்சுவது 56 விழுக்காடு, 45 பாகையில் வெறும் 25. 4×5 அங்குல ஃபிலிமுக்கு 90 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், இந்தக் கணக்குப்படி மூலைக்குக் கிடைப்பது நடுப்பகுதியின் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். துளையை எவ்வளவு சுருக்கினாலும் இது மாறாது.

1900-ஆம் ஆண்டளவில் வந்த கெர்ட்ஸ் நிறுவனத்தின் ஹைப்பர்கான் லென்ஸ் 135 பாகை வரை பார்த்தது. அதன் விளிம்புக்கு எஞ்சுவதோ கணக்குப்படி 2 விழுக்காடு. ஆகவே, ரப்பர்ப் பந்தை அழுத்தினால் சுழலும் நட்சத்திர வடிவத் தகடு ஒன்றை லென்ஸின் முன்னே வைத்து, நடுப்பகுதியின் ஒளியைச் சிறிது நேரம் மறைத்தார்கள். பின்னர் சோவியத் வடிவமைப்பாளர் மிகயீல் ருசினோவ், இருபுறமும் பெரிய குழிலென்ஸ்களை வைத்து, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது துளை பெரிதாகத் தோன்றும்படி செய்தார். இது உண்மையிலேயே வியக்கத்தக்க தீர்வு. நான்கு கோசைன்களில் ஏறத்தாழ ஒன்றை அது மீட்டுத் தந்தது. எஞ்சும் குறையை, நடுவில் அடர்ந்து விளிம்பை நோக்கித் தெளியும் சாம்பல்நிற ஃபில்டர் ஈடுசெய்கிறது.

தொலைநோக்கியின் நிலைமை வேறு. அரை பாகைச் சாய்வில் கோசைன் இழப்பு பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அங்கே மூலைகள் இருண்டால், ஒளியைத் திருப்பிவிடும் இரண்டாம் ஆடி சிறியதாகவோ, கேமராவைப் பொருத்தும் குவியக்குழல் ஒடுங்கியதாகவோ இருக்கும். மங்கலான விண்மீன்களுக்காகத் துளையைச் சுருக்கவும் மனம் வராது. அதனால்தான் பலோமர் மலையின் ஷ்மிட் தொலைநோக்கியில், ஒளி முதலில் நுழையும் 1.2 மீட்டர் கண்ணாடித் திருத்தத் தகட்டுக்குப் பின்னால் 1.8 மீட்டர் ஆடியை வைத்தார்கள். சாய்ந்து வரும் கற்றைகளும் அதில் முழுதாக விழும்.

எஞ்சும் சீரின்மையை அந்திவானத்தையோ ஒளியூட்டிய திரையையோ படமெடுத்து, விண்மீன் படத்தை அதனால் வகுத்து நீக்குகிறார்கள். இடையில் கேமராவைச் சற்றுத் திருப்பினாலோ குவியத்தை நகர்த்தினாலோ, அந்தத் திருத்தப் படத்தையும் புதிதாக எடுத்தாக வேண்டும்.